கலினின்கிராட்டிலிருந்து பிந்திப் புறப்பட்ட பஸ்

2008ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி, சனிக்கிழமை, பகல் 12 மணி 50 நிமிடம். நல்ல வெயில். பத்தொன்பது பாகை. கடல் பக்கத்திலிருந்து மெல்லிய காற்று. கலினின்கிராட் நகரில் ஒரு ஹோட்டலின் முன்னால் நின்ற என் பஸ்ஸில் நாற்பத்தொரு பயணிகள் இருந்திருக்க வேண்டும். நான் முன்னாலிருந்து பின்னால் எண்ணினேன். நாற்பது. இரண்டாவது சாரதி குணம் பின்னாலிருந்து முன்னால் எண்ணினார். அவருக்கும் நாற்பது.

இதை எழுதச் சொன்னவர்கள் மூன்று இளம் பிள்ளைகள். மூவரும் ஜேர்மனியில் டோர்ட்மூண்ட் பக்கம் நகர பஸ் ஓட்டுபவர்கள். போன கோடையில் அங்கே ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது கால்வாய்க்கரையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணை, நீங்கள் ரஷ்யாவுக்கு பஸ் ஓடினனீங்களாம், உண்மையோ?"

"ரஷ்யாவின்ர ஒரு துண்டுக்கு. போலந்துக்குப் பக்கத்தில தனியக் கிடக்கிற துண்டு."

"அங்க ஆர் போறது? தமிழாக்களின்ர கடை ஏதும் இருக்கோ?"

மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. இப்போது அந்தப் பக்கம் சுற்றுலா பஸ் போவதில்லை. ரஷ்யா போரைத் தொடங்கியபின் ஜேர்மனியிலிருந்து எந்த நிறுவனமும் அங்கே ஆள் ஏற்றுவதாக நான் கேள்விப்படவில்லை. நகரத்தின் நடுவில் சோவியத் காலத்தில் கட்டி, குடிபுகாமலே விட்ட அந்தப் பெரிய கட்டடத்தையும் இடித்துவிட்டார்களாம். தெரிந்தவற்றை எழுதி வைக்க இதுதான் நேரம் என்று பட்டது.

என்னைப் பற்றி அதிகம் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தேன். 1986இல் கிழக்கு பேர்லின் வழியாக இந்த நாட்டுக்கு வந்தேன். ஏழு வருடம் சமையலறைகளில் கோப்பை கழுவினேன். பிறகு பஸ் ஓட்டும் அனுமதிப் பத்திரம் எடுத்தேன், இரண்டாம் தடவையில். அதன்பின் இளைப்பாறும் வரை ஒரே முதலாளி.

படிப்பித்த நாட்களில் பிள்ளைகளுக்கு ஒரு புதிர் கொடுப்பேன். ஒரு நகரம், ஒரு ஆறு, நடுவில் தீவு, ஏழு பாலங்கள். எந்தப் பாலத்தையும் இரண்டு தரம் மிதிக்காமல் ஏழையும் கடக்க முடியுமா? முடியாது என்று நிறுவுவதுதான் பாடம். அந்த நகரத்தின் பெயர் கோனிக்ஸ்பேர்க் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது; கலினின்கிராட்டின் பழைய பெயர் அது. அது உண்மையாகவே ஒரு ஊர் என்றோ, அங்கே நான் பஸ் ஓட்டுவேன் என்றோ அன்று நினைக்கவில்லை. பஸ்ஸோடு போனபோது பாலங்களை எண்ணினேன். இரண்டு குண்டுவீச்சில் போயிருந்தன. இன்னும் இரண்டை இடித்து, அவற்றுக்குப் பதிலாகத் தீவின் மேலால் ஓர் அகன்ற மேம்பாலம் போட்டிருந்தார்கள். இந்தக் கணக்கில் ஒவ்வொன்றையும் ஒரே முறை கடக்கலாம். புதிர் தீர்ந்திருந்தது, ஆனால் அதைத் தீர்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலாளியின் பெயரை டீக்மன் என்று வைத்துக்கொள்வோம். வெஸ்ட்பாலியாவில் ஒரு சிறிய ஊரில் ஆறு பஸ் வைத்திருந்தார். கட்டளையே இடமாட்டார். ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி வருவார். ஒவ்வொரு சில்லின் ஆணிகளையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். உள்ளே ஏறி மூக்கை உயர்த்தி மணந்து பார்ப்பார். பிறகு ஏதாவது ஓர் இருக்கையில் ஒரு முழு நிமிடம் உட்காருவார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இருக்கை. "அவையள் பன்னிரண்டு மணித்தியாலம் இருக்கப் போகினம். நான் ஒரு நிமிசம் இருக்கக் கூடாதோ?" என்று ஒரு தடவை கேட்டார். (அவர் ஜேர்மனில் சொன்னது. இந்தக் கட்டுரையில் எல்லோரும் என் தமிழில்தான் பேசுவார்கள்.) எழும்பும்போது மூன்று கேள்வி கேட்பார்: எத்தனை பேர், எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணி? பதில்களைக் கேட்டுத் தலையை ஒரு தரம் அசைப்பார். நல்லது என்று ஒருநாளும் சொன்னதில்லை, கெட்டது என்றும் சொன்னதில்லை. அந்த அசைவுக்காகவே நான் முதல் நாள் இரவு நித்திரை கொள்ளாமல் பஸ்ஸைத் துடைத்திருக்கிறேன்.

அந்தப் பயணங்களில் வந்தவர்கள் எல்லோரும் கோனிக்ஸ்பேர்க்கில் பிறந்தவர்கள், அல்லது அதைச் சுற்றியிருந்த ஊர்களில். பிரஷ்ய அரசர்கள் முடிசூடிய நகரம் அது. கைசர் எனும் ஜேர்மன் பேரரசர் காலத்தில் கோட்டைச் சுவர்களும் துறைமுகமுமாகப் பெருத்தது. 1944இல் எரிந்தது. 1945 ஏப்ரலில் சோவியத் படை பிடித்தது. அடுத்த வருடமே பெயர் மாறியது. எஞ்சியிருந்த ஜேர்மன்காரரை 1948க்குள் ரயிலேற்றி அனுப்பினார்கள். ரஷ்யாவின் எரிந்த கிராமங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அதே வீடுகளில் குடியேற்றினார்கள். அதன்பின் 1991 வரை வெளிநாட்டவர் யாரும் அந்த நகரத்துக்குள் போக முடியவில்லை. என் பயணிகள் நாற்பது வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தவர்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் ஒரு இறாத்தல் கோப்பித்தூளும் ஒரு கட்டி சொக்லேட்டும் கொண்டு வருவார்கள். தங்கள் பழைய வீட்டுக் கதவைத் தட்டி, இப்போது அங்கே குடியிருப்பவர்களிடம் அதை நீட்டுவார்கள். பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டு இருத்துவார்கள். திரும்பும்போது கையில் நெல்லிக்காய் ஜாம் போத்தல், உருளைக்கிழங்குப் பை, தோட்டத்தில் தோண்டும்போது அகப்பட்ட பழைய பீங்கான் தட்டு. ஒருத்தி தன் தாயின் இஸ்திரிக்கைப் பெட்டியோடு வந்தாள்.

"எங்கட சனம் அர்ச்சனைத் தட்டோட போறமாதிரி எல்லோ இருக்கு," என்று குணம் சொல்லுவார். "என்ன, இவைக்குப் பிரசாதமா உருளைக்கிழங்கு."

குணம் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். எதையும் பகிடியாக்குவார். நான் எதையும் பகிடியாக்க மாட்டேன். எங்கள் இருவரையும் பயணிகள் "எங்கள் இந்தியர்கள்" என்றுதான் சொல்லுவார்கள். முதல் மூன்று பயணத்தில் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன்.

இனி எண்ணும் முறையைச் சொல்ல வேண்டும். முகங்களை எண்ணக் கூடாது. முகம் திரும்பும், குனியும், பையைத் தேடும். தோள்களைத்தான் எண்ண வேண்டும். ஒரு சாரதி முன்னாலிருந்து, மற்றவர் பின்னாலிருந்து. இரண்டு தொகையும் ஒத்துவராமல் கதவைப் பூட்டக் கூடாது. இந்த நகரத்துக்கு அது இன்னும் முக்கியம். எங்களுக்குக் கிடைத்தது குழு விசா. நாற்பத்தொரு பெயர்கள் இலக்கமிட்டு ஒரே தாளில். எல்லோரும் ஒன்றாக உள்ளே போக வேண்டும், ஒன்றாக வெளியே வர வேண்டும். எல்லையில் அதிகாரி இலக்க வரிசைப்படி கூப்பிடுவார். பதினேழாம் ஆள் நிற்காவிட்டால் பதினெட்டாம் ஆள் போக முடியாது. எங்கள் விசா அன்று நள்ளிரவோடு முடிந்தது. எல்லை ஐம்பது கிலோமீற்றர்தான், ஆனால் சனிக்கிழமைகளில் அங்கே ஐந்து மணித்தியாலமும் நிற்க வேண்டி வரும். ஆகவேதான் ஒரு மணிக்குப் புறப்பாடு என்று வைத்திருந்தேன்.

குறைந்த ஆள் பதினேழாம் இலக்கம். ஹில்டா அடோமைட். எழுபத்தொரு வயது, இளைப்பாறிய தபால் ஊழியர். குணமும் நானும் எங்களுக்குள் அடோமைட் அம்மா என்போம். முதல் இரண்டு நாளும் மற்றவர்கள் டாக்சி பிடித்துத் தங்கள் வீடுகளைத் தேடிப் போனபோது அவர் மட்டும் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. கோப்பிப் பொதி மடியிலேயே இருந்தது. நான் காரணம் கேட்கவில்லை. கடைசி நாள் காலை ஒன்பது மணிக்கு, எங்கள் வழிகாட்டி கலீனாவிடம் ஒரு முகவரியை ரஷ்ய மொழியில் எழுதி வாங்கிக்கொண்டு டாக்சியில் ஏறினார். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவேன் என்றார்.

கலீனா அந்த நகரத்தில் பிறந்த பள்ளிக்கூட ஆசிரியை. ஐம்பது வயது இருக்கும். ஜேர்மன் நன்றாகப் பேசுவார். "இந்த நகரம் அதுக்கு முன்னமும் எங்களிட்ட இருந்தது, தெரியுமோ?" என்று ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லுவார். "பதினெட்டாம் நூற்றாண்டில, மகாராணி காலத்தில, நாலு வருசம். அப்ப ஒருத்தரும் பெயர் மாத்தேல்லை." பயணிகள் சிரிப்பார்கள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள்.

ஒன்றே கால் ஆகியும் ஆள் வரவில்லை. கலீனா டாக்சிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். ஒன்பதரைக்கு 23ஆம் இலக்க வீட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டாராம்.

"நீங்கள் இஞ்ச நில்லுங்கோ, நான் டாக்சியில போய்க் கூட்டிக்கொண்டு வாறன்," என்றார் கலீனா.

"ஏலாது," என்றேன். "ஏற்கெனவே ஒராள் குறையுது. நீங்களும் போனால் எனக்கு இரண்டாள் குறையும். எல்லாரும் ஒண்டாப் போவம்."

அந்தத் தெரு நகரத்தின் மேற்கே. பழைய வில்லா வீடுகள், போரில் இடியாத பகுதி. முனையில் பஸ்ஸை நிறுத்தினேன். கலீனாவும் நானும் நடந்து போனோம். 23ஆம் இலக்க வீட்டில் ஓர் இளம் தம்பதியும் ஒரு நாயும். ஓம், காலையில் ஒரு ஜேர்மன் அம்மா வந்தா, வீட்டைப் பார்த்தா, தலையை ஆட்டினா, போய்விட்டா. எந்தப் பக்கம் போனா? அவர்கள் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னோம். முன் வரிசையில் கால்வைட் என்றொரு பல் வைத்தியர் இருந்தார். இளைப்பாறியவர், எழுபத்தாறு வயது. பயணம் முழுக்க ஒவ்வொரு ஐந்து நிமிடப் பிந்தலையும் எனக்குச் சொல்லிக் காட்டியவர். அவர் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இருபத்துமூண்டு வலப்பக்கமெல்லோ இருக்க வேணும். என்ர மாமி இந்தத் தெருவிலதான் இருந்தவ. இலக்கம் இஞ்சால ஏறி, அந்தத் தொங்கலில திரும்பி, மற்றப் பக்கத்தால இறங்கி வரும். குதிரை லாடம் மாதிரி."

கலீனா நெற்றியில் கையை வைத்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. கைசர் காலத்தில் அந்தத் தெருவுக்கு இலக்கம் இட்ட முறை ஒன்று, சோவியத்காரர் இட்ட முறை இன்னொன்று. இவர்கள் இடப்பக்கம் ஒற்றை, வலப்பக்கம் இரட்டை என்று முழுவதையும் மாற்றியிருந்தார்கள். கலீனா தாளில் தெருவின் புதிய பெயரை எழுதி, அதோடு பழைய இலக்கத்தை எழுதிவிட்டார். பாதி கைசர், பாதி சோவியத். அப்படி ஒரு முகவரி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"நானே இந்த ஊரில பிறந்தவள்," என்றார் கலீனா. "எனக்கு வந்த பிழையைப் பாருங்கோ."

"இரண்டு காலத்தையும் நீங்கள் ஒராள் சுமக்கிறியள், பிழை வராமல் என்ன செய்யும்?" என்றேன். "எத்தினை வீடு தெருவில?"

"நாப்பது. ஒண்டும் இடியேல்லை."

இடப்பக்கம் இருபது, வலப்பக்கம் இருபது. பழைய 23 வலப்பக்கம், மறு முனையிலிருந்து மூன்றாவது வீடு. இந்த முனையிலிருந்து எண்ணினால் பதினெட்டாவது. இரட்டை இலக்கங்களில் பதினெட்டாவது 36.

முனையில் நின்ற பஸ் ட்ராம் வண்டிக்கு வழி மறித்துக்கொண்டிருந்தது. ட்ராம்காரர் மணியை அடித்தபடி இருந்தார். வேறு வழியில்லாமல் தெருவுக்குள் திருப்பினேன். பன்னிரண்டு மீற்றர் பஸ், கல் பாவிய ஒடுக்கமான தெரு, இரண்டு பக்கமும் கைசர் காலத்து லிண்டன் மரங்கள். குணம் இறங்கி முன்னால் நடந்து கைகாட்டினார்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ, இன்னும் ஒரு சாண் கிடக்கு... அண்ணை, நில்லுங்கோ!"

வலப்பக்கக் கண்ணாடி மரத்தில் மோதி நொறுங்கியது.

"சாண் எண்டீர்," என்றேன்.

"என்ர கையால சாண் அண்ணை. மரத்துக்கு என்ன தெரியும்?"

டீக்மனிடம் ஒரு விதி இருந்தது. சில்லும் எஞ்சினும் அவருடையவை, கண்ணாடி சாரதியுடையது. அதைப் பார்ப்பவன் சாரதி மட்டும்தானாம். கண்ணாடியின் விலை மனதில் ஓட ஓட 36ஆம் இலக்க வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அடோமைட் அம்மா கீழ்த்தளத்துச் சமையலறையில் இருந்தார்; தெருவில் நடந்து தன் வீட்டைத் தானே அடையாளம் கண்டிருக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு கிழவி, எண்பத்திரண்டு வயது, தலையில் துணி கட்டியிருந்தார். அவர் பெயர் அன்டோனினா. மேசையில் கோப்பிப் பொதி பிரிக்கப்படாமல் கிடந்தது. இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவருக்கு ரஷ்ய மொழியில் இருபது சொல் ஞாபகம், அவருக்கு ஜேர்மனில் பத்து. காலை பத்து மணியிலிருந்து அந்த முப்பது சொல்லை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"போவம், அடோமைட் அம்மா," என்றேன். "நேரம் ஒண்டே முக்கால்."

"நீங்கள் போங்கோ. நான் வரேல்லை."

"நீங்கள் பதினேழு. நீங்கள் வராட்டில் பதினெட்டிலயிருந்து ஒருத்தரும் போகேலாது."

அப்போது அவர் அழத் தொடங்கினார். சத்தமில்லாத அழுகை. மிச்சத்தைக் கலீனாதான் இருவரிடமும் கேட்டுச் சொன்னார்.

1946இல் அன்டோனினா இருபது வயதுப் பெண்ணாக அந்த வீட்டில் குடியேற்றப்பட்டார். அவருடைய கிராமத்தை ஜேர்மன் படை எரித்திருந்தது. வீட்டின் ஓர் அறையில் இன்னும் ஒரு ஜேர்மன்காரி தன் பெண் பிள்ளையோடு இருந்தார். முதல் மாதம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பிறகு ஒரே அடுப்பு. 1947 மாசி மாதம் பசியில் தாய் செத்துப் போனார். பிள்ளை ஹில்டா அப்போது காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தது. எழும்பியபோது தாயின் கட்டில் வெறுமையாக இருந்தது. ஒரு வருடம் அன்டோனினாதான் அந்தப் பிள்ளைக்குச் சூப் ஊற்றினார். பிறகு ஒருநாள் லொறி வந்தது, ஜேர்மன்காரர் எல்லோரையும் ரயிலுக்கு ஏற்றிப் போனது. தாயை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கப் பிள்ளைக்கு மொழி போதவில்லை.

அறுபத்தொரு வருடம் கழித்து இப்போது கேட்டிருக்கிறார். அன்டோனினாவுக்கு இடம் தெரியும். நடந்தே போகலாம், ஆனால் அது பூட்டிய இடம். திறப்பு மகன் வலோத்யாவிடம். அவன் வேலை முடிந்து நாலு மணிக்குத்தான் வருவான்.

"நாலு மணி," என்றேன்.

எனக்குள் ஓடிய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நாலரைக்குப் புறப்பட்டால் ஐந்தரைக்கு எல்லை. ஐந்து மணித்தியாலம் நின்றால் பத்தரை. ஆறு மணித்தியாலம் என்றால் பதினொன்றரை. ஏழு என்றால் நாற்பத்தொரு பேரும் விசா இல்லாமல் ரஷ்ய மண்ணில். அதில் இருதய நோயாளிகள் நாலு பேர், இன்சுலின் போடுகிறவர்கள் ஆறு பேர். இன்னொரு கணக்கும் இருந்தது. 1995இல் போருக்கு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது என் தகப்பனார் வழியில் செத்தார். யார் எரித்தார்கள், எங்கே எரித்தார்கள் என்று நாலு பேரிடம் கேட்டிருக்கிறேன், நாலு இடம் சொன்னார்கள். அந்தக் கேள்வியோடு ஒரு மனிதர் எத்தனை வருடம் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

தெருவில் நின்று டீக்மனுக்குத் தொலைபேசி எடுத்தேன். சனிக்கிழமை, தோட்டத்தில் இருந்தார், புல்லு வெட்டும் சத்தம் நின்றது. நடந்ததைச் சொன்னேன்.

"எத்தினை பேர்?"

"நாப்பத்தொண்டு. இப்ப புறப்பட்டால் நாப்பது, ஆனால் நாப்பதை எல்லையில விடமாட்டினம்."

"எத்தினை கிலோமீற்றர்?"

"ஐம்பது."

"எத்தினை மணி?"

"அது எனக்குத் தெரியாது," என்றேன். அவருடைய மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"சாரதி நீங்கள்," என்றார். பிறகு வைத்துவிட்டார்.

பஸ்ஸில் ஏறி ஒலிவாங்கியில் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லை வரிசையையும் மறைக்கவில்லை. கால்வைட் எழும்பினார்.

"ஒரு மணிப் புறப்பாடு எண்டு தாளில போட்டது ஆர்? நாங்கள் பயணத்துக்குத்தானே காசு கட்டினது, இப்படி வீதியில நிக்கிறதுக்கோ? நாங்கள் எல்லாரும் இஞ்ச ஆரையாவது விட்டிட்டுத்தான் போனனாங்கள்!"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "அப்ப நீங்கள் எத்தினை பேரைக் கண்டுபிடிச்சனீங்கள், டொக்டர்?"

அவர் உட்கார்ந்துவிட்டார். எவரும் கை உயர்த்தி வாக்களிக்கவில்லை. ஆனால் யாரோ ரொட்டிப் பொதியைப் பிரித்தார்கள், யாரோ சுடுதண்ணிப் போத்தலைத் திறந்தார்கள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நான் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

"அண்ணை, இருங்கோ," என்றார் குணம். "நீங்கள் நடந்தால் நாலு மணி கெதியா வருமே?"

வலோத்யா நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தார். துறைமுகத்தில் வேலை செய்பவர், பருத்த மனிதர், எண்ணெய் படிந்த கை. தெருவில் நின்ற பஸ்ஸையும், உடைந்த கண்ணாடியையும், தன் தாயோடு ஒரு ஜேர்மன் கிழவியையும் பார்த்து ஒன்றும் விளங்காமல் நின்றார். அன்டோனினா அவரிடம் ஒரு வசனம் சொன்னார். திறப்பைக் கொண்டு வா, என்று கலீனா எனக்கு மொழிபெயர்த்தார்.

நடந்தோம். பஸ்ஸிலிருந்து இருபத்தொன்பது பேர் இறங்கி வந்தார்கள், ஊன்றுகோல்களோடு. அன்டோனினாவுக்கு நடக்கக் கடினம். ஐம்பது அடிக்கு ஒரு தரம் நிற்பார். அவர் இருப்பதற்காகச் சமையலறை முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கால்வைட். யாரும் அவரிடம் கேட்கவில்லை. முதல் தரிப்பில் கொண்டுபோய் வைத்தார். பிறகு எல்லாத் தரிப்பிலும்.

போய்ச் சேர்ந்த இடம் ஒரு கராஜ் வரிசை. சோவியத் காலத்தில் கூட்டுறவுச் சங்கம் கட்டியது. செங்கல் கட்டடம், இரும்புக் கதவுகள். அதற்குப் பின்னால் ஜேர்மன் காலத்து மதில் ஒன்று. போருக்கு முன் அது தோட்ட நிலமாம், பெயார்ப் பழமரங்கள் நின்றதாம்.

அந்த நாட்டில் கராஜ் என்றால் கார் நிறுத்த மட்டுமல்ல. நிலத்தில் ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி தோண்டி வைத்திருப்பார்கள். காரின் அடிப்பாகத்தைத் திருத்த ஒரு குழி, உருளைக்கிழங்கும் ஊறுகாயும் வைக்க இன்னொரு குழி. குழியில்லாத கராஜை ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்றார் கலீனா.

வலோத்யா கதவைத் திறந்து காரை வெளியே எடுத்தார். உள்ளே தரை முழுக்க ஒரே சீமெந்து. குழி இல்லை.

"இந்த வரிசையில நாப்பத்துநாலு கராஜ்," என்றார் வலோத்யா. கலீனா சொல்லச் சொல்ல எனக்குக் கேட்டது. "நாப்பத்துமூண்டில குழி இருக்கு. அம்மா மட்டும் தோண்ட விடேல்லை. முப்பது வருசமா நான் உறைபனியில மல்லாக்கப் படுத்துத்தான் கார் திருத்திறன். ஏனெண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

அன்டோனினா முக்காலியில் இருந்தபடி மகனுக்குச் சொன்னார். மாசி மாதம், நிலம் கல்லாக உறைந்திருந்தது. பிள்ளைகளின் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்து வந்தார். மதிலுக்குப் பக்கத்தில் எருக்குவியல் ஒன்று இருந்தது, அதற்குக் கீழே மட்டும் நிலம் இளகியிருந்தது. அங்கே தோண்டினார், தனியாக. 1974இல் இங்கே கராஜ் கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கார் இல்லாத காலத்திலேயே, புருஷனைச் சங்கத்துக்கு அனுப்பி, இந்தத் துண்டுதான் வேண்டும் என்று சண்டை பிடித்து எடுத்தார். மற்றவர்கள் தோண்டிவிடுவார்கள் என்று.

வலோத்யா தொப்பியைக் கழற்றினார்.

"தலை எந்தப் பக்கம்?" என்று அடோமைட் அம்மா கேட்டார்.

அன்டோனினா தடியால் காட்டினார். மதில் பக்கம்.

அடோமைட் அம்மா முழங்காலில் இருந்து சீமெந்தில் உள்ளங்கையை வைத்தார். மற்றவர்கள் தாழ்ந்த குரலில் அவர்களுடைய ஜெபத்தைச் சொன்னார்கள். வாசலுக்கு வெளியே குணமும் நானும் நின்றோம்.

எழும்ப நான் கை கொடுத்தேன். வலோத்யா கலீனாவிடம் ஏதோ கேட்டார்.

"சீமெந்தை உடைக்கட்டோ எண்டு கேக்கிறார். நீங்கள் சொன்னால் நாளைக்கே உடைச்சு, ஒழுங்கா ஒரு சேமக்காலைக்கு மாத்தி அடக்கம் செய்து தருவாராம்."

அடோமைட் அம்மா கூரையைப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார். "வேண்டாம்," என்றார். "இஞ்ச மழை படாது. அறுபது வருசமா ஒராள் காவல் இருந்திருக்கிறா. இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்?"

வலோத்யா தயங்கினார். "அப்ப நான் கார் விடலாமோ?"

"கட்டாயம் விடுங்கோ," என்றார் அடோமைட் அம்மா. "கவனமா விடுங்கோ." அவர் சிரித்ததை அந்தப் பயணத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

நாலு மணி நாற்பத்தெட்டு நிமிடத்துக்குப் புறப்பட்டோம். நான் முன்னாலிருந்து எண்ணினேன், நாற்பத்தொன்று. குணம் பின்னாலிருந்து எண்ணினார், நாற்பத்தொன்று. வலப்பக்கக் கண்ணாடி இல்லாததால் குணம் எல்லை வரை முன் இருக்கையில் இருந்து ஜன்னலால் தலையை நீட்டி எனக்குக் கண்ணாடியாக இருந்தார்.

எல்லை வரிசையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. முப்பத்தேழு வாகனங்கள் எங்களுக்கு முன்னால். என் சட்டை இரண்டு தரம் நனைந்து காய்ந்தது. கால்வைட் தன் சொக்லேட்டை இன்சுலின்காரர் தவிர்ந்த எல்லோருக்கும் உடைத்துக் கொடுத்தார். அதிகாரி பதினேழு என்று கூப்பிட, அடோமைட் அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரத்து "இங்கே" என்றார். நாற்பத்தோராவது முத்திரை விழுந்தபோது நள்ளிரவுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. போலந்துப் பக்கம் வந்ததும் பஸ்ஸை ஓரம் கட்டி, இன்னொரு தரம் தோள்களை எண்ணினேன்.

திங்கட்கிழமை டீக்மன் பஸ்ஸைச் சுற்றி வந்தார். கண்ணாடி இருந்த இடத்தில் நின்று, வெறும் கம்பியை விரலால் தொட்டார்.

"எத்தினை பேர் போனது?"

"நாப்பத்தொண்டு."

"எத்தினை பேர் வந்தது?"

"நாப்பத்தொண்டு."

தலையை ஒரு தரம் அசைத்தார். பிறகு, "கண்ணாடி உங்கட," என்றார்.

"மிச்சமும் என்ர," என்றேன். பிந்த முடிவெடுத்தது நான்தானே. அவர் மறுக்கவில்லை. அது அவருடைய மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை சமையலறை மேசையில் பற்றுச்சீட்டுகளைப் பரப்பினேன். புதிய கண்ணாடி 312 யூரோ 50 சதம். பூட்டிய கூலி 64. போலந்து ஹோட்டலில் நள்ளிரவு தாண்டி அடுப்பைத் திரும்ப மூட்டிய சமையல்காரிக்கு, சாரதிகள் எங்கள் இருவரையும் சேர்த்து நாற்பத்துமூன்று கோப்பை சூப்புக்கு, 177 யூரோ 6 சதம். பிறகு, கால்வைட்டின் முறைப்பாட்டுக்கு நிறுவனம் திருப்பிக் கொடுத்த 45. முக்காலி தூக்கியவர்தான், ஆனாலும் முறைப்பாட்டை அனுப்பியிருந்தார். ஒரு மணிப் புறப்பாடு தாளில் இருந்தது உண்மைதானே.

"ஆற்றையோ அம்மாவுக்கு நீங்கள் ஏன் காசு கட்டுறியள்?" என்று என் மனைவி கேட்டாள்.

நான் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தரம் மேலிருந்து கீழே, ஒரு தரம் கீழிருந்து மேலே. இரண்டு தரமும் ஒரே தொகை வந்தது. ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு யூரோ ஐம்பத்தாறு சதம்.